பதினோரு மனுவும் ஒரு மங்குஸ்தானும்

மே 4, திங்கள்

நகராட்சியில் இன்று மனுநாள். பதினோராவது மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு இது மூன்றாவது மனு. என் எண்ணிக்கையைக் கேட்டதும் ஒதுங்கி வழிவிட்டார். அனுபவத்துக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

மனுவின் சாரம் மாறவில்லை. என் வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு மேற்கே என் தம்பி குற்றாலிங்கத்தின் வீடு. பாகம் பிரித்தபோது கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவனுக்கு, நடுவிலுள்ள கிணறு இருவருக்கும். மதில் கிணற்றின் மேலேயே போகிறது. அந்தப் பக்கம் அவன் மோட்டார், இந்தப் பக்கம் என் மோட்டார்; யாருடையது அதிக நேரம் ஓடுகிறது என்று அடிக்கடி சண்டை. நான்கு வருடங்களுக்கு முன் அனுமதி வாங்காமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவன் இரண்டாவது மாடி கட்டினான். அன்றிலிருந்து தோட்டத்தில் வெயில் இல்லை, எங்களுக்குள் பேச்சும் இல்லை. என் மாதுளை பட்டுப்போனது. ஆகவே அந்த மாடியை உடனடியாக இடிக்க வேண்டும். ‘உடனடியாக’ என்பதைப் பதினோரு மனுவிலும் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

என் கணவர் வேலாயுதம் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பேசும்போதும் தந்திக்குச் சொல் எண்ணுவதுபோல எண்ணுவார். மனுவின் நகலைப் படித்துவிட்டு, “மாதுளை செத்தது வேர்ப்புழுவுல” என்றார்.

“மனுவுல அதுக்கு இடம் இல்ல” என்றேன்.

மே 7, வியாழன்

முப்பத்தோரு வருடம் நூலகராக இருந்தவள் ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை அரை மணிக்கு ஒருமுறை தோட்டத்தில் நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டேன். இடையில் சமையல் நடக்கவில்லை. வேலாயுதம் தயிர்சாதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது இரண்டு சொல் மிச்சம்.

முடிவு: பத்தே முக்கால்வரை நிழல். பிறகு இரண்டு மணி நேரம் வெயில். பன்னிரண்டே முக்காலிலிருந்து மறுபடி நிழல்.

மத்தியான நிழல் குற்றாலிங்கத்தின் மாடியுடையது. காலை நிழல் யாருடையது என்று அண்ணாந்து பார்த்தேன். என் வீட்டுடையது.

மனுவோடு இணைக்கப்போகும் அட்டவணை மத்தியானத்திலிருந்து தொடங்குகிறது.

மே 12, செவ்வாய்

நிழலில் செடிகள் சாகும் என்று நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவரின் கடிதம் இருந்தால் மனுவுக்கு வலுவாக இருக்கும். பஸ் ஏறி, குற்றாலம் போகும் ரோட்டில் பண்ணை வைத்திருக்கும் பீர் முகமதுவிடம் போனேன்.

“நெழல்ல செடி சாவும்னு நான் எழுதித் தரணுமாம்மா? எழுதுனா எங்க வாப்பா கனவுல வந்து அடிப்பாவ” என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் அட்டவணையைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். எழுந்து நின்றுவிட்டார்.

“மேக்க முழுசா மறைப்பு. மூணு மணி வெயிலு ஒரு பொட்டு விழாது. பக்கத்துல கெணறு, ஈரம் வேற. ஏம்மா, இந்த எடத்த வச்சிக்கிட்டா அழுதுட்டு இருக்கிய? வெயிலு எங்கயும் கெடைக்கும். நெழலு இப்படி அமையணும்லா! யாரு கட்டுன செவரு அது?”

“ஒருத்தர்.”

“அந்த மனுசனுக்குக் கையில மோதரம் போடணும்.”

காட்டில் பெரிய மரங்களின் காலடியிலேயே பிறந்து, வெயிலைத் துணுக்குத் துணுக்காக வாங்கி வளரும் மரங்கள் உண்டாம். ஒவ்வொன்றாகக் காட்டினார். அசோகம்: பள்ளிக்கூடத்து மதிலோரம் நெட்டையாக நிற்கும் அது அல்ல; அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூ பூக்கும் நிஜ அசோகம். ஈரம் இருந்தால் போதும். ஜாதிக்காய்: சின்ன வயதில் நிழல் இல்லாவிட்டால் இலை மஞ்சளாகும். கடைசியாக ஓலைக் கொட்டகையின் மூலையில், யாரும் தொடாத இடத்தில், மங்குஸ்தான்.

“இது பெரிய எடத்துப் பிள்ள மாதிரி. மொத நாலு வருசம் நேர் வெயிலு ஆகாது. வேரத் தொட்டா கோவிச்சுக்கிடும், ஒரு தடவ ஊனிட்டா எடம் மாத்தக் கூடாது. அவசரப்படுத்துனா அப்படியே நின்னுரும். காய்க்க எட்டு வருசம், பத்து வருசம் ஆவும்.”

எனக்கு இப்போது அறுபத்தொன்று. எழுபதாவது வயதுக்கு என்னிடம் வேறு திட்டம் எதுவும் இல்லை. மூன்றுக்கும் சொல்லிவைத்தேன். சாரல் தொடங்கியதும் வந்து எடுக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

கடிதம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 6, சனி

சாரல் வந்துவிட்டது. கன்றுகளும் வந்துவிட்டன. கிணற்றோரம் அசோகம், என் வீட்டு நிழலில் ஜாதிக்காய், மதிலை ஒட்டி, நிழல் மிகக் கெட்டியாக இருக்கும் இடத்தில் மங்குஸ்தான். இடத்தைச் சாக்பீஸ் அட்டவணை பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். எதிரிக்கு எதிராகத் தயாரித்த ஆவணம் ஒன்று இவ்வளவு உதவியாக இருந்து நான் பார்த்ததில்லை.

குழி மூன்றடி என்று பீர் முகமது சொல்லியிருந்தார். வேலாயுதம் இரண்டடியில் கடப்பாரையைச் சாய்த்துவைத்தார்.

“இன்னும் ஒரு அடி இருக்கு.”

“ரிட்டயர்டு ஆளுக்கு ரெண்டடி.”

மீதியை நான் தோண்டினேன். மக்கின எருவும் மேல்மண்ணும் கலந்து போட்டு, வேர் அசையாமல் கன்றை இறக்கி, சுற்றிலும் சருகு பரப்பினோம். மதிலுக்கு அந்தப் பக்கத்து மாடியில் யாரோ முழு நேரமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நீலச் சட்டை, பழைய மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் இளைத்திருக்கிறான்.

ஜூன் 20, சனி

இலை இல்லை.

ஜூலை 3, வெள்ளி

இலை இல்லை. வேலாயுதம் காலையும் மாலையும் கேட்கிறார்: “டெலிவரி ஆச்சா?”

ஜூலை 19, ஞாயிறு

இலை.

காலை ஆறரைக்குப் பார்த்தேன். மங்குஸ்தானின் நுனியில் கூராக ஒரு இலைமொக்கு. பத்து மணிக்கு அது இரண்டாகப் பிளந்திருந்தது. மத்தியானம் இரண்டு இலைகள், எதிரெதிராக, வணக்கம் சொல்லும் கைகள் போல. பச்சை இல்லை; சிவப்பும் இல்லை; பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறம். உள்ளே ஓடி வேலாயுதத்தை எழுப்பினேன். அவர் தூங்கவில்லையாம், செய்தித்தாளை முகத்தின்மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாராம். வந்து பார்த்துவிட்டு, “ரெண்டு” என்றார். அவர் இதைவிட உணர்ச்சிவசப்பட்டு நான் கண்டது எங்கள் கல்யாணத்தன்று.

எனக்குப் போதவில்லை. தோட்டத்தில் நின்று, “ரெண்டு எல விட்டிருக்கு, ரெண்டும் சொகமா இருக்கு” என்று உரக்கச் சொன்னேன். கன்றிடம்தான் சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சின்ன வயதில், பரீட்சையில் பாஸானதை வீட்டில் சொல்லுமுன் குற்றாலிங்கம் இருமும் இருமல். சளி பிடித்திருக்கும்.

ஆகஸ்ட் 19, புதன்

நாளை மதுரைக்கு, வேலாயுதத்தின் அண்ணன் பேத்தி கல்யாணம். நான்கு நாள். சாரல் நின்றுவிட்டது, அனல்காற்று அடிக்கிறது. நான் வரவில்லை என்றேன். “பொண்ணு ஒரு தடவதான் கட்டும்” என்றார். மங்குஸ்தானும் ஒரு தடவைதான் சாகும். ஆனாலும் போகிறோம்.

ஆகஸ்ட் 24, திங்கள்

பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றாமல் தோட்டத்துக்கு ஓடினேன். மூன்றும் நன்றாக இருக்கின்றன. மண் ஈரம். மழை பெய்திருக்க வேண்டும்.

தெருவில் மழையின் அடையாளம் இல்லை. பக்கத்து வீடுகளிலும் இல்லை. மழைக்கென்று தனி வழிகள் உண்டு. மதிலின் மேல் ரப்பர் குழாய் உராய்ந்த கோடு ஒன்று தெரிகிறது. கன்றுகளைச் சுற்றிப் புதுத் தென்னை மட்டைகள் வெயிலுக்கு மறைப்பாகச் சாத்தப்பட்டிருக்கின்றன. மலையடிவாரத்தில் மழை இதையும் செய்யும்போலிருக்கிறது.

செப்டம்பர் 2, புதன்

வெற்றி.

நகராட்சியிலிருந்து கடிதம். பதினோராவது மனு ஏற்கப்பட்டது. அனுமதியற்ற இரண்டாவது மாடி வரும் 17ஆம் தேதி காலை பத்து மணிக்கு இடித்து அகற்றப்படும். ‘உடனடியாக’ என்பதை அவர்களும் அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.

மூன்று முறை படித்தேன். முதல் முறை நின்றுகொண்டு. இரண்டாம் முறை உட்கார்ந்து. மூன்றாம் முறை தோட்டத்தில், அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு. மாடி போனால் நிழல் பன்னிரண்டே முக்காலுக்கு வராது. மூன்றே முக்காலுக்குத்தான் வரும். மூன்று மணி நேரம் மேற்கத்தி வெயில், நேராக, மங்குஸ்தானின் தலையில்.

மாடியில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குற்றாலிங்கத்தின் மனைவி பொன்மாரி அங்கே தையல் வகுப்பு நடத்துகிறாள். பதினைந்து பெண்கள் வருகிறார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மங்குஸ்தானைப் பற்றித்தான்.

செப்டம்பர் 3, வியாழன்

“நாலு நாள்ல கருகிரும்மா” என்றார் பீர் முகமது. “இடிக்கச் சொன்ன பாவி யாரு?”

“ஒருத்தர்.”

இடம் மாற்ற முடியாது. வேர் ஒப்புக்கொள்ளாது. பச்சை வலை வாங்கிவந்தேன்.

செப்டம்பர் 5, சனி

வலையை நான்கு மூங்கில் நட்டுக் கட்டினோம். மத்தியானம் பொதிகைக் காற்று வந்து அதை முடிச்சோடு அவிழ்த்து எடுத்துப்போய்க் குற்றாலிங்கத்தின் மொட்டைமாடியில் போட்டது. சாயங்காலம் அது மதில்மேல் இருந்தது. வேட்டி மடிப்பதுபோல மடித்து, மேலே கல் வைத்து.

வலை உதவாது. மாடிதான் வேண்டும்.

செப்டம்பர் 8, செவ்வாய்

நகராட்சி அலுவலகம். கட்டட ஆய்வாளர் முப்பது வயதுப் பெண். அவர் மேஜைமேல் என் கோப்பு இருந்தது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம்.

“நீங்கதான் உலகம்மாளா? உங்க கையெழுத்து இங்க எல்லாருக்கும் தெரியும்மா.”

“மனுவ வாபஸ் வாங்கணும்.”

“பதினொண்ணையுமா?”

“ஒண்ணொண்ணா வாங்கணும்னாலும் சரி. எனக்கு நேரம் இருக்கு.”

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: மனுவை வாபஸ் வாங்கலாம், அனுமதி இல்லாத மாடி அனுமதி இல்லாத மாடிதான். ஒரே வழி உண்டு. குற்றாலிங்கத்தின் வீட்டுக் கிழக்கு ஓரத்தில் காலியாக விடவேண்டிய இடம் ஒரு மீட்டர் குறைகிறது. அந்த ஒரு மீட்டரைத் தன் பக்கம் காலியாக விடுவதாகப் பக்கத்து மனைக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், நகராட்சிக் குழு பார்த்து முடிவு செய்யும்.

“இத அவன்கிட்ட யாரும் சொல்லலியா?”

“சொல்லியிருக்கோமே. கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கோம்.” கோப்பின் அடிவரை புரட்டினார். “அவர் சம்மதம் கேட்டு உங்களுக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கார். திரும்பி வந்த கவரை இங்க குடுத்துட்டுப் போயிருக்கார். பாருங்க.”

கவரின்மேல் ‘பெற மறுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. முப்பத்தாறு வருடமாக எங்கள் மளிகைப் பட்டியலில் நான் பார்க்கும் கையெழுத்து.

உள்ளே நான்கு வரி. ‘அக்காவுக்கு. பொன்மாரி தையல் வகுப்பு வைக்க மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும். உன் மாதுளைக்கு வெயில் மறையும். அதற்கு என்ன செய்யலாம் என்று நீயே சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.’

ஆய்வாளர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வேலாயுதத்திடம் கேட்டேன்.

“சாப்பாட்டுக் கேரியரோட போஸ்டாபீசுக்கு வந்தே. தபால நீட்டுனேன். கெணத்துச் சண்டைக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கான், வாங்க மாட்டேன்னே. அப்படின்னா அப்படித்தான் எழுதணும். ரூல்.”

“வக்கீல் அனுப்புனதில்லன்னு உங்களுக்குத் தெரியும்லா? சொல்லியிருக்கலாம்லா?”

“தபாலப் பத்தி வெளியாள்கிட்டப் பேசக் கூடாது.”

“நான் வெளியாளா?”

“கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னே” என்றார்.

செப்டம்பர் 9, புதன்

நான்கு வருடத்துக்குப் பிறகு குற்றாலிங்கத்தின் வாசல். வெறுங்கையோடு போகக் கூடாது என்று சம்மதப் படிவத்தை எடுத்துப்போனேன். கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

“ஏல, உன் மாடி எனக்கு வேணும்.”

தாளை இறக்கவில்லை. “இடிக்கச் சொல்லிப் பதினோரு தடவ எழுதுனது யாரு?”

“அது அப்ப. இப்ப மங்குஸ்தான் இருக்கு. மூணு மணி வெயிலு பட்டாக் கருகிரும்.”

“அப்ப எனக்காக வரல.”

“உனக்காக எதுக்குல வரணும்? நீ என்ன மங்குஸ்தான் கன்னா?”

தாள் இறங்கியது. சிரிக்கக் கூடாது என்று அவன் வாயை இறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளிருந்து பொன்மாரி, “மதினி, காப்பியா, டீயா?” என்றாள்.

“ரெண்டும் வேண்டாம் பொன்மாரி, படிவம் நெரப்பிட்டுப் போயிருதேன்.”

காப்பி வந்தது. முறுக்கு வந்தது.

“தபால வாங்கியிருந்தா என்னக்கா சொல்லியிருப்ப?”

“மாட்டேன்னு சொல்லியிருப்பேன்.”

“தெரியும். ஆனா அதுக்காச்சும் ஒரு தபாலு போட்டிருப்பல்லா. கவரு அப்படியே திரும்பி வரவும் கோவத்துல கட்டிட்டேன்.”

முறுக்கில் ஒன்றை எடுத்து ஒடித்தேன். பிறகு வேறு கேட்டேன். “ஆகஸ்டுல நாங்க மதுரைக்குப் போயிருந்தப்ப மழ பேஞ்சுதே, உங்க பக்கம் எப்படி?”

“எங்க பக்கம் பெய்யல. ஒன் பக்கம் மட்டுந்தான்.”

“எத்தன நாளு?”

“நாலு நாளும். காலைல ஏழுலேர்ந்து ஏழரை.”

படிவத்தில் ‘சம்மதத்துக்கான காரணம்’ என்று ஒரு இடம். ‘நிழல் தேவை’ என்று எழுதினேன். ‘இரு மனைக்காரர்களுக்கும் உள்ள தொடர்பு’ என்று இன்னொரு இடம். பதினோரு மனுவிலும் அவனை ‘எதிர்மனுதாரர்’ என்றே எழுதிவந்திருக்கிறேன். இப்போது ‘தம்பி’ என்று எழுதினேன். இடம் நிறைய மிச்சமிருந்தது.

படிவம் நிரப்ப அரை மணி நேரம் போதும். நான் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 11, வெள்ளி

இருவரும் ஒரே ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டோம். குழு முடிவு சொல்லும்வரை இடிக்க மாட்டார்கள் என்று ஆய்வாளர் சொன்னார். ரசீதில் முத்திரை கலங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு முறை குத்தச் சொன்னேன். ‘அந்த அம்மா’ என்று உள்ளே யாரோ சொன்னது கேட்டது.

செப்டம்பர் 17, வியாழன்

ஒன்பதே முக்காலுக்கு மஞ்சள் நிற இடிக்கும் வண்டி வந்து குற்றாலிங்கத்தின் வாசலில் நின்றது. நிறுத்திவைக்கும் தகவல் அலுவலகத்தின் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போய்ச் சேரவில்லை. மாடியில் தையல் மிஷின்கள் நின்றன. பதினைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பொன்மாரி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு ஓடினேன். கையில் ரசீது, மறு கையில் கரண்டி. வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“யம்மா, நவுருங்க. ஆர்டர் இருக்கு” என்றார் டிரைவர்.

“அந்த ஆர்டர் என்னுது. நான் எழுதி வாங்குனது.”

“அப்ப என்னம்மா, நீங்கதான் சந்தோசமா வழி விடணும்?”

“ரசீத வாசிக்கேன், கேளுங்க.” ரசீதை முழுக்க வாசித்தேன், முத்திரை எண் உட்பட. அவர் கேட்கவில்லை, எஞ்சினை உறுமவிட்டார். அப்போது என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். நீலச் சட்டை. மறு பக்கத்தில் வேலாயுதம், துண்டோடு. மூன்று பேரும் கன்று நட்டதுபோல நின்றோம்.

“ஆய்வாளருக்குப் போன் போடும்வே!” என்று வேலாயுதம் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். முப்பத்தாறு வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டது இதுவே முதல் தடவை.

டிரைவர் போன் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “கரண்டியோட நிக்காங்க மேடம்... ஆமா, அந்த அம்மாதான்” என்றார். வண்டி பின்னால் நகர்ந்தது.

மாடியிலிருந்து கைதட்டல். ரசம் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. இத்தனை உற்சாகத்தை ஒரு வாரநாளில் நான் அனுபவித்ததில்லை.

அக்டோபர் 21, புதன்

குழு ஒப்புக்கொண்டது. மாடி நிற்கும். நிபந்தனை ஒன்று: மதிலை ஒட்டி என் பக்கம் ஒரு மீட்டர் நிலத்தில் எக்காலத்திலும் கட்டடம் எழுப்பக் கூடாது; மரம் வளர்க்கலாம். மங்குஸ்தானின் முன் நின்று உரக்க வாசித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “கடைசி வரிய இன்னொரு தடவ வாசி” என்று குரல் வந்தது. வாசித்தேன்.

அக்டோபர் 25, ஞாயிறு

குற்றாலிங்கம் மொட்டைமாடியைப் பார்க்க வரச் சொன்னான். முதல்முறையாக ஏறினேன்.

மேலே முழு வெயில். பதினோரு மனுவில் நான் தேடிய வெயில் அத்தனையும், ஒரு பொட்டுக் குறையாமல், அங்கே கிடந்தது. அதன் நடுவில் பழைய தண்ணீர்த் தொட்டியில் ஒரு மாதுளை. நான்கு காய், ஒன்று பழுத்து வெடித்திருந்தது.

“எங்க வாங்குன?”

“ஒன்னுது. மதிலுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாத்த கொப்ப ஒடிச்சி ஊனுனேன். மாடி கட்டுன வருசம்.”

பட்டுப்போனது என்று பதினோரு முறை கையெழுத்திட்டுச் சொல்லியிருக்கிறேன். பொய்ச் சத்தியத்துக்கு எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கிழக்கே பார்த்து. உட்கார்ந்தேன். அங்கிருந்து தெரிவது ஒன்றே ஒன்றுதான்: என் தோட்டம். அசோகம், ஜாதிக்காய், மதிலோரத்தில் மங்குஸ்தான். மங்குஸ்தானின் நுனியில் உள்ளங்கால் நிறத்தில் ஒரு கூர்.

“எல!” என்று எழுந்துவிட்டேன்.

“நேத்தே பாத்துட்டேன்” என்றான். “நீயா பாக்கணும்னு சொல்லல.”

நாளை திங்கள், மனுநாள். எழுத ஒன்றும் இல்லை. காலையில் மாடிக்குப் போய் மாதுளையின் அடிமண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். வெயில் எவ்வளவு இருந்தாலும் மாதுளை வேர்ப்புழுவில்தான் சாகும்.